நட்டு கழன்றது, சக்கரம் கழலவில்லை

கோத்தகிரியில் இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் இருந்து குடும்பத்தோடு மேலே ஏறி வரும்போது, இரவு எட்டு மணி வாக்கில், குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் முன்னால் முன்பக்க இடது டயர் பஞ்சர். சாரல் வேறு. ஜாக்கி வைத்து நான்கு வீல் நட்டையும் கழற்றிவிட்டார். அலாய் வீல் மட்டும் ஒட்ட வைத்ததுபோல் நின்றுவிட்டது. உதைத்தார், இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார், ஜாக்கி ஆடத் தொடங்கியதும் பயந்து நிறுத்திவிட்டார். கடைசியில் நட்டுகளைத் திரும்ப மாட்டி, காற்றில்லாத டயரிலேயே ஊர்ந்து போய் ஒரு டீக்கடை வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். டயர் கிழிந்துபோனது. அலாய் வீல் மாட்டி மூன்று வருடம் ஆகிறது, அதன்பிறகு கழற்றியதே இல்லை என்கிறார். அவர் கேட்பவை மூன்று. இதற்கு எந்த ஸ்பிரே வாங்கி வண்டியில் வைத்துக்கொள்வது? நட்டு, போல்ட், சக்கரம் மாட்டி நிற்கும் ஹப் எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவிவிடலாமா? வெளிநாட்டு வீடியோக்களில் ரோட்டில் போடும் உப்பால்தான் இப்படி ஆகிறது என்கிறார்கள், நம் மலையில் யாரும் உப்பு போடுவதில்லையே, பிறகு ஏன்?

கேள்வி ஸ்பிரேயைப் பற்றியதுபோல் இருந்தாலும், அவர் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். பலாப்பழ சீசனில் யானை இறங்கும் இடத்தில், இருட்டில், குழந்தைகளைக் காருக்குள் வைத்துக்கொண்டு தனியாக நின்றிருக்கிறார். இன்னொரு முறை அப்படி நிற்கக்கூடாது என்பதுதான் கேள்வி. அதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிடித்துக்கொண்ட சக்கரத்தை மலை ரோட்டில் விடுவிக்கப் பார்க்காதீர்கள். அது வீட்டு வாசலில், சமதளத்தில், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலை. வருடத்துக்கு இரண்டு முறை அதைச் செய்துவிட்டால் ரோட்டில் ஸ்பிரே தேவைப்படாது.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, குன்னூரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் காரும் ஜீப்பும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே சமவெளியில் இரண்டு வருடம் வேலை செய்திருக்கிறேன். அங்கே பிடித்துக்கொண்ட சக்கரம் எப்போதாவதுதான் வரும். இங்கே ஆடி மாதத்தில் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. ஒரே மாடல், ஒரே வயது வண்டிகளிலேயே இந்த வித்தியாசம் தெரியும்.

முதலில் எங்கே பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். நட்டைக் கழற்றிய பிறகும் சக்கரம் வரவில்லை என்றால் போல்ட்டுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. ஹப்பின் நடுவில் வட்டமான ஒரு மேடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடுத்துளை அந்த மேட்டின்மேல் இறுக்கமாக உட்காரும். சக்கரம் ஆடாமல் சுற்றுவதற்கு அந்த இறுக்கம் வேண்டும். மேட்டுக்கும் துளைக்கும் நடுவே விடப்படும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அவ்வளவு மெல்லிய சந்துக்குள் போன தண்ணீர் தானாக வெளியே வராது. விளக்குத் திரி எண்ணெயை இழுத்துப் பிடிப்பதுபோல் சந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே டயர் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நாள்கணக்கில் நிற்கும்.

இரும்பு துருவாக மாறும்போது முன்பு அடைத்திருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்கில் இருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். பழைய வீடுகளின் சன்ஷேடில் கான்கிரீட் பிளந்து உள்ளே கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கம்பி துரு ஏறி உப்பியதால் பிளந்த கான்கிரீட் அது. கான்கிரீட்டைப் பிளக்கும் அதே வேலை ஹப்பைச் சுற்றி நடக்கும்போது, சக்கரத்துக்குப் பிளந்து விலக வழியில்லை, அதனால் இறுகிப்போகிறது. அலாய் என்றால் இன்னொன்றும் சேர்கிறது. அலாய் அலுமினியம், ஹப் இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தின் வழியாகத் தொட்டுக்கொண்டால் சின்ன பேட்டரிபோல் ஆகிவிடும், அதில் அரிபடுவது அலுமினியம். இப்படிப் பிடித்த ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஹப் மேட்டைச் சுற்றி செங்கல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும், சக்கரத் துளையின் உள்விளிம்பில் வெள்ளையாக, விபூதி நனைந்து காய்ந்ததுபோல் ஒரு பூச்சு இருக்கும். விரலால் தேய்த்தால் போகாது. அந்த வெள்ளைப் பூச்சுதான் அலாய் வீலைப் பிடித்து வைத்திருந்த பசை.

சரி, உப்பு இல்லாமல் எப்படி? உப்பு துருவை வேகப்படுத்தும், ஆனால் துருவுக்கு உப்பு கட்டாயம் இல்லை. ஈரமும் காற்றும் போதும். காற்றின் ஈரப்பதம் அறுபது எழுபது சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பில் துரு வேகமெடுக்கும். நம் ஊரில் மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இறங்கி வண்டியை நனைத்துவிட்டுப் போகிறது. கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. ஊட்டியில் மார்கழியில் உறைபனி, காலையில் அது உருகி வழியும் தண்ணீர். ஒரு சக்கரம் முழுசாகக் காயும் நாள்கள் வருடத்தில் எத்தனை என்று எண்ணினால் கொஞ்சம்தான் தேறும்.

அதோடு மலை இறக்கம். குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். 1,000 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் கணக்குப் போட்டால் நான்கு யூனிட் கரண்டுக்குச் சமம். செகண்ட் கியரில் இறங்குபவர்களுக்கு அதில் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலிலோ மேல் கியரிலோ பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவர்களுக்கு ஏறக்குறைய முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்கும். அந்தச் சூடு ஹப்புக்கும் வரும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 60 மி.மீ. துளை உள்ள அலாய் வீலும் ஹப்பும் 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இடைவெளி சுமார் 0.05 மி.மீ. அதிகமாகும், அதாவது ஒரு மெல்லிய தலைமுடி அளவு. நடப்பில் ஹப் முதலில் சூடாகும், சக்கரம் பிறகுதான் சூடாகும், அதனால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சூடேறுவதும் குளிர்வதுமாகச் சந்து மூச்சு விடுகிறது, குளிரும்போது பக்கத்தில் இருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கீழே போய்ச் சேர்ந்தவுடன் சக்கரத்தின் மேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிரேக் டிஸ்க்குக்கும் அது நல்லதில்லை.

உப்பு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டத்துக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. துருவைப் பொறுத்தவரை சமையல் உப்பின் தம்பி. உரமூட்டை ஏற்றும் பிக்கப் வண்டிகளின் பின்சக்கரங்கள் மற்ற வண்டிகளைவிட மோசமாகப் பிடித்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கடற்கரையில் இருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளும் அப்படித்தான். ஐஸ் உருகி வழியும் தண்ணீரில் உப்பு இருக்கிறது. நண்பர் கார் வைத்திருப்பவர், இது அவருக்குப் பொருந்தாது. தோட்டத்துக்காரர்கள் யாராவது படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இனி ரோட்டில் நிற்கும்போது என்ன செய்வது. முதலில் பார்க்க வேண்டியது டயர் டியூப்லெஸ்ஸா என்பது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் டியூப்லெஸ்தான். ஆணி குத்திய பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பினால் முன் டயரின் ஓடுபரப்பு வெளியே தெரியும். ஆணியைப் பிடுங்கி, துளையை ஊசியால் ராவி, ரப்பர் திரியைச் சொருகி, சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன கம்ப்ரெசரில் காற்றடித்தால் அரைமணி நேரத்தில் கிளம்பிவிடலாம். அன்று நண்பரிடம் அந்தத் திரி செட்டும் கம்ப்ரெசரும் இருந்திருந்தால் டயர் தப்பியிருக்கும். டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தால் மட்டும் இது உதவாது. வீட்டில் பகலில் இரண்டு முறை பழகிப் பார்த்துவிட்டு வண்டியில் வையுங்கள். முதல்முறையே இருட்டில் செய்தால் திரி பாதியில் நின்றுவிடும்.

கழற்றித்தான் ஆக வேண்டும், சக்கரமும் பிடித்திருக்கிறது என்றால், ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியை உதைப்பதுதான் ஆபத்து. 1998 என்று நினைக்கிறேன், நான் தொழில் பழகிக்கொண்டிருந்த காலம். ஒரு தோட்டத்து ஜீப், மண் ரோடு, லேசான சரிவு. பின்சக்கரம் வரவில்லை. கீழே உட்கார்ந்து குதிகாலால் நான்கு உதை விட்டேன். ஐந்தாவது உதையில் சக்கரம் கழன்றது, அதே நொடியில் ஜாக்கி சரிந்தது. பிரேக் டிரம் மண்ணில் நாலு விரக்கடை புதைந்து நின்றது. என் கணுக்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். மேஸ்திரி ஓடி வந்து திட்டவில்லை. புதைந்த டிரம்மைக் காட்டி, "தம்பி, இது வந்து விழுந்த இடத்தைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஜாக்கி வைத்தவுடன் ஸ்டெப்னியையோ ஒரு தடித்த மரக்கட்டையையோ வண்டியின் பக்கவாட்டுச் சட்டத்துக்குக் கீழே தள்ளி வைக்காமல் சக்கரத்தில் கை வைப்பதில்லை.

ஜீப் விஷயத்தில் இன்னொன்றையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். கியரில் போட்டிருக்கிறோம், உருளாது என்று நம்பியிருந்தோம். பின்சக்கரத்தால் ஓடும் வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் பிடிக்காது. தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் வழியாகத் தரையில் இருக்கும் சக்கரமும் விடுபட்டுவிடும். முன்சக்கரத்தால் ஓடும் காரில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினாலும் இதே கதைதான். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட் பிரேக்கும் அண்டைக் கல்லும்தான். கல் என்றால் ஓரத்தில் கிடக்கும் உருண்டைக் கல் இல்லை. ஆப்பு வடிவில் வெட்டிய இரண்டு கட்டையை டிக்கியில் போட்டு வையுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களில் இறக்கத்துப் பக்கம் அணைத்து வைக்க வேண்டும்.

இடம் சமமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. நட்டுகளைத் திரும்ப மாட்டி, கையால் இறுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஜாக்கியை இறக்கி வண்டி எடை முழுவதும் சக்கரத்தில் விழட்டும். கதவுக்கு மேலே கூரை விளிம்பைப் பிடித்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நகரவில்லை என்றால், ஆட்களை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வெட்டி அரை மீட்டர் முன்னே, அரை மீட்டர் பின்னே மெதுவாக நகர்த்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் போல்ட் மரையும் சக்கரத்தின் துளையும் அடிவாங்கும். கொஞ்சம் சரிவாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். குஞ்சப்பனை ரோட்டில் நீங்கள் நின்ற இடத்தில் நானாக இருந்தாலும் செய்திருக்க மாட்டேன். குழந்தைகளோடு இருந்தபோது வண்டியை வெளிச்சத்துக்கு ஊர்ந்து கொண்டுபோனது சரியான முடிவு. போனது ஒரு டயர்தானே.

வீட்டில் செய்யும்போது நேரம் நம் கையில் இருக்கும். நடு மூடியை நெம்பி எடுத்துவிட்டு, ஹப் மேட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் உள்ள வட்டக் கோட்டில் துருவை இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எல்லோரும் கேட்கும் டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டுவதற்காக 1953-இல் உருவான கலவை. பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியில் அது கிடைத்ததைக் குறிக்கிறது. லேசான பிடிப்புக்கு அது போதும். பிடிப்பு பலமாக இருந்தால் துருவுக்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் மேல். ஸ்பிரே எதுவானாலும் அடித்தவுடன் வேலை செய்யாது. மாலையில் விட்டுவிட்டுக் காலையில் கழற்றுங்கள். நடு ரோட்டில் டப்பாவைக் காலி செய்து பலன் இல்லை என்று நான் சொல்வது அதனால்தான். பின்பக்கமாக ஸ்பிரே அடிக்காதீர்கள், அங்கே டிஸ்க்கும் பிரேக் பேடும் இருக்கின்றன. எண்ணெய் குடித்த பேடைத் துடைத்து நம்பி மலை இறங்கக்கூடாது, மாற்றிவிட வேண்டும்.

காலையில் வண்டியை ஸ்டாண்டின் மேல் உறுதியாக நிறுத்தி, ஒரு நட்டை மட்டும் நாலு மரை அளவுக்குப் பிடிக்க விட்டுவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். சக்கரம் திடீரென்று வந்து உங்கள் மேல் விழாமல் அந்த ஒரு நட்டு காக்கும். ஒரு நீளக் கட்டையை எதிர்ப்பக்கமிருந்து உள்ளே விட்டு, டயரின் உட்பக்கச் சுவரில் அணைத்து, கட்டையின் மறுமுனையில் சம்மட்டியால் அடியுங்கள். நான்கு அடி, சக்கரத்தைக் கால் சுற்று திருப்பு, மறுபடி நான்கு அடி. ஒரே இடத்தில் அடித்தால் சக்கரம் கோணி இன்னும் இறுகும். அடி டயரில் விழ வேண்டும். அலாயின் விளிம்பில் விழுந்தால் கீறல் விடும், சில நேரம் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். டிஸ்க்கைத் தட்டுவது, பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பருக்கு இடையில் கடப்பாரை விட்டு நெம்புவது இரண்டும் வேண்டாம்.

அலாய் வீலுக்கு வெந்நீர் ஊற்றும் முறையையும் சொல்ல வேண்டும். கொதிக்கும் தண்ணீரை நடுத்துளையைச் சுற்றி மெதுவாக ஊற்றினால் அலுமினியம் முதலில் விரிந்து ஹப்பை விடும் என்பது கணக்கு. நான்கைந்து முறை செய்திருக்கிறேன், மூன்று முறை கழன்றது. வெந்நீரால் கழன்றதா, அதற்கு முன் விழுந்த அடிகளால் கழன்றதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கெடுதல் இல்லாத முறை, டீக்கடைப் பக்கம் நின்றால் முயன்று பார்க்கலாம். கேஸ் தீயால் காட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள், யார் சொன்னாலும் விடாதீர்கள். டயர் மாட்டிய சக்கரத்தைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் வெந்து எரியும் வாயு உண்டாகி டயர் வெடிக்கும், காற்றை இறக்கியிருந்தாலும் அந்த ஆபத்து முழுக்கப் போகாது. பேரிங் கிரீஸும் சீலும் போவது அதற்குப் பிறகுதான்.

சக்கரம் வந்துவிட்டது என்று அப்படியே திரும்ப மாட்டிவிடாதீர்கள். பெரும்பாலான கடைகளில் அப்படித்தான் மாட்டித் தருகிறார்கள். ஹப் மேட்டையும், சக்கரம் வந்து அமரும் தட்டையான முகத்தையும் வயர் பிரஷ்ஷால் தேயுங்கள், பிறகு உப்புத்தாள். பளபளப்பு வேண்டாம், விரலால் தடவினால் செதில் தட்டுப்படக்கூடாது, அவ்வளவுதான். சக்கரத் துளைக்குள் இருக்கும் வெள்ளைப் பூச்சை உப்புத்தாளால் மட்டும் எடுங்கள், கிரைண்டர் வைத்தால் துளை பெரிதாகிவிடும். இந்தத் தேய்ப்பு சக்கரம் சுலபமாக வருவதற்காக மட்டும் இல்லை. தட்டை முகத்தில் துருச் செதிலை விட்டு இறுக்கினால், ஓட ஓடச் செதில் நொறுங்கி நட்டு தளரும். மலையில் தளர்ந்த நட்டு பிடித்துக்கொண்ட சக்கரத்தைவிடக் கொடியது.

கிரீஸ் கேள்விக்கு இப்போது வரலாம். ஹப் மேட்டின் சுற்றுவட்டத்தில் மட்டும், உலோகங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு எடுத்து, உலோகம் நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தேயுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் சூட்டில் இளகும், சக்கரம் சுற்றும் வேகத்தில் பிரேக்குக்குத் தெறிக்கும், மழையில் கரைந்தும் போகும். ஆன்டி-சீஸில் செம்புத்தூள் கலந்தது ஸ்டீல் வீலுக்கு நன்றாக உழைக்கிறது. அலாய்க்குச் செம்பு ஆகுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அலுமினியத்தோடு செம்பு சேர்ந்தால் அரிப்பு கூடும் என்று சொல்பவர்கள் செராமிக் வகையைப் பரிந்துரைக்கிறார்கள். செம்பு தடவிய அலாய்களில் நான் கெடுதல் எதுவும் கண்டதில்லை. ஆனாலும் செராமிக் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பேன். தட்டை முகத்தில் தடவுவதிலும் இரண்டு பேச்சு இருக்கிறது. நான் தடவுவதில்லை. அந்த முகம் உராய்வால் பிடித்து நிற்க வேண்டிய இடம்.

போல்ட்டிலும் நட்டிலும் தடவலாமா என்றால், வேண்டாம். கம்பெனிகள் சொல்லும் இறுக்க அளவு பெரும்பாலும் காய்ந்த மரைக்கானது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் போகிறது, மீதி எல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்விலேயே தீர்கிறது. அந்த உராய்வைக் கிரீஸ் போட்டுக் குறைத்துவிட்டால் அதே கைப்பலத்துக்கு போல்ட் பல மடங்கு இல்லாவிட்டாலும் கணிசமாக அதிகம் இழுபடும். இழுபட்டு இழுபட்டு ஒருநாள் அறுந்துபோகும். மரையில் மண்ணும் துருவும் இருந்தால் வயர் பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். நட்டு கையாலேயே கடைசி வரை ஓடி அமர வேண்டும். நடுவில் பிடித்தால் மரையைப் பாருங்கள், இறுக்கித் தள்ளாதீர்கள்.

சின்னக் கார்களுக்கு நட்டு இறுக்கம் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 34 கிலோ பலம் கொடுத்தால் 100 நியூட்டன் மீட்டர். எழுபது கிலோ ஆள் அதே ஸ்பேனரின் மேல் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டிவிடும். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கிய நட்டை ரோட்டில் குடும்பத் தலைவி ஒருவரால் கழற்ற முடியாமல் போவதும் இதனால்தான். கடையில் கன் வைத்தால் நிறுத்தச் சொல்லி, கையால் எதிரெதிராக இறுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும்.

எப்போது செய்வது என்றால், நான் என் வாடிக்கையாளர்களிடம் சொல்வது வைகாசிக் கடைசியில் ஒருமுறை, பொங்கலை ஒட்டி ஒருமுறை. மழைக்கு முன்னும் பின்னும் என்று கணக்கு. நான்கு சக்கரத்தையும் இடம் மாற்றும் வேலையோடு சேர்த்துக்கொண்டால் தனிச் செலவு இல்லை. ஸ்டெப்னியையும் அன்றைக்கு இறக்கிக் காற்று பாருங்கள். வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் அந்த இறக்கும் திருகும் துருவில் பிடித்துக்கொள்ளும், அதைக் கழற்ற முடியாமல் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பின் டிரம் பிரேக் உள்ள வண்டியில் சக்கரம் வந்து டிரம் வராமல் நின்றால் பதற வேண்டாம், பஞ்சருக்கு டிரம் வர வேண்டியதில்லை. டிரம்மை எடுக்கும் வேலை இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு, டிரம் முகத்தில் இரண்டு மரைத் துளை இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் 8 மி.மீ. போல்ட் இரண்டை அதில் மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் இடப்பக்கச் சக்கரங்களில் இடது மரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பேனரைப் போடுங்கள். தளர்த்துவதாக நினைத்து இறுக்கி அறுத்தவர்கள் உண்டு. லாரி, பஸ் சக்கரங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வளையம் போட்ட ரிம், இரட்டைச் சக்கரம் எல்லாம் வேறு தொழில். காற்றை முழுக்க இறக்காமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தினமும் செய்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் வண்டிக்கு. முன் இடது சக்கரத்தைக் கடையில் எடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். மற்ற மூன்றும் அதே மூன்று வருடமாக அப்படியே இருக்கின்றன, அவையும் பிடித்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வரை மலை இறங்காமல் இருக்க முடிந்தால் நல்லது. சனிக்கிழமை மாலை மூன்று நடு மூடியையும் எடுத்து எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் கட்டையும் சம்மட்டியும் வைத்து ஒவ்வொன்றாக முயலுங்கள். எட்டு பத்து சுற்று அடித்தும் அசையாத சக்கரம் ஏதாவது இருந்தால் மேலும் அடிக்காமல், லிப்ட் உள்ள ஒரு கடைக்கு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே கழற்றிய முன் இடது சக்கரத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தேய்க்காமல் மாட்டியிருந்தால் அந்த வெள்ளைப் பூச்சு இன்னும் உள்ளேயே இருக்கும்.